எந்த இன்ஜினில் எழுதுவது?

2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒன்றும் 2018-இன் தொடக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மொபைல் கேம்கள் வந்தன. இரண்டிலும் ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்க வேண்டும், கண்ணில் பட்ட துப்பாக்கியைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசி ஆளாக நிற்க வேண்டும். கரீனாவின் ஃப்ரீ ஃபயரில் ஒரு சுற்றுக்கு 50 பேர். டென்சென்ட் உருவாக்கிய பப்ஜி மொபைலில் 100 பேர். 2020 செப்டம்பரில் பப்ஜியையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் இந்திய அரசு தடை செய்யும்வரை இரண்டுக்கும் தமிழ்நாட்டில் தனித்தனிக் கூட்டம் இருந்தது. விலை கூடிய ஃபோன் வைத்திருந்தவர்கள் பப்ஜியையும், நினைவகம் குறைந்த ஃபோன் வைத்திருந்தவர்கள் ஃப்ரீ ஃபயரையும் நாடினார்கள்.

பப்ஜி மொபைல் கட்டப்பட்டது அன்ரியல் இன்ஜின் 4-இல். ஃப்ரீ ஃபயர் கட்டப்பட்டது யூனிட்டி என்ற இன்னொரு கேம் இன்ஜினில்.

இரண்டு முடிவுகளுக்கும் காரணம் உண்டு. பப்ஜியின் கணினிப் பதிப்பு ஏற்கெனவே அன்ரியலில் இருந்தது. அதே தோற்றத்தை ஃபோனுக்குக் கொண்டுவர அதே குடும்பத்தில் இருப்பது வசதி. ஃப்ரீ ஃபயருக்கு அப்படி எந்தக் கடந்தகாலமும் இல்லை; எளிய ஃபோனிலும் ஓட வேண்டும் என்பதே அதன் இலக்கு. ஆனால் இதிலிருந்து 'அன்ரியல் கனமானது, யூனிட்டி இலேசானது' என்று ஒரே வரியில் முடிவுகட்டினால் தவறாகிவிடும். 2020-இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் யூனிட்டியில் எழுதப்பட்டதுதான். அது நல்ல ஃபோன்களையே திணறடிக்கிறது. இன்ஜின் எதைத் தருகிறது, எதை வாங்கிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஃபோனுக்குள் ஒரு கேம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கேம் என்பது ஓயாத சுழற்சி. விரல் எங்கே தொட்டது என்று கேட்பது, அதற்கேற்ப உலகத்தை ஓர் அடி நகர்த்துவது, மாறிய உலகத்தைத் திரையில் வரைவது, மறுபடியும் விரலைக் கேட்பது. ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஃபிரேம். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16.67 மில்லிவினாடி. 120 ஃபிரேம் காட்டும் திரையில் 8.33. அந்த நேரத்துக்குள் பந்து சுவரில் மோதியதா என்று கணக்குப் போட வேண்டும், எதிரி எந்தப் பக்கம் ஓடுவான் என்று முடிவெடுக்க வேண்டும், ஒலியைக் கலக்க வேண்டும், படத்தையும் வரைந்து முடிக்க வேண்டும். 1080-க்கு 2400 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையில் 25,92,000 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 முறை என்றால் 15 கோடியே 55 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு புள்ளியின் மேல் புகை, கண்ணாடி, ஒளிவட்டம் என்று அடுக்கடுக்காக வரைந்தால் அந்தக் கணக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்காகும்.

ஒரு ஃபிரேம் தாமதமானாலும் கண் கண்டுபிடித்துவிடும். அந்தத் திணறலைத்தான் ஆடுபவர்கள் 'லேக் ஆகுது' என்கிறார்கள்.

கணினியோடு ஒப்பிட்டால் ஃபோனுக்கு இரண்டு குறைகள் உண்டு. காற்றாடி இல்லை; பேட்டரி சிறியது. காற்றாடி இல்லாததால் பத்துப் பதினைந்து நிமிடம் தீவிரமாக ஆடியதும் சிப் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. முதல் இரண்டு நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடிய கேம் கால் மணி நேரத்தில் தடுமாறுவது இதனால்தான். சிப் செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு, கணக்குப் போடுவதில் போவதில்லை; நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையில் தரவை ஏற்றி இறக்குவதில் போகிறது. ஆகவேதான் பவர்விஆர், ஆர்ம் நிறுவனத்தின் மாலி போன்ற மொபைல் கிராஃபிக்ஸ் சிப்புகள் திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்தின் வேலை முழுவதையும் சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவகத்தில் முடித்து, முடிவை மட்டும் ஒரே தடவை வெளியே எழுதுகின்றன. ஒவ்வொரு சாமானுக்கும் மளிகைக் கடைக்கு ஒரு நடை போவதை விட்டு, பட்டியல் போட்டு ஒரே நடையில் வாங்கிவருவது போன்ற சிக்கனம் அது. வரைந்த படத்தைப் பாதியில் திரும்பப் படித்து அதன்மேல் ஒளிக் கசிவையும் மங்கலையும் சேர்க்கும் அலங்காரங்கள் அந்தச் சிக்கனத்தைக் குலைத்துவிடும். கணினியில் அழகாகத் தெரிந்த காட்சி ஃபோனில் இழுபறியாவதற்கு இது முக்கியமான காரணம்.

இன்ஜின்கள் இதற்காகவே ஃபோனுக்கென்று தனி வரைமுறைகளை வைத்திருக்கின்றன. அன்ரியலில் மொபைலுக்கென்று தனி ரெண்டரர் இருக்கிறது. யூனிட்டியில் யுஆர்பி என்ற வரைமுறை இருக்கிறது. கோடோ என்ற திறமூல இன்ஜினின் நான்காம் பதிப்பில் மூன்று வழிகள் உள்ளன. அவற்றில் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற வழி, பழைய ஃபோன்களுக்கும் பழகிய ஓபன்ஜிஎல் இஎஸ் 3.0-ஐ நம்பி நிற்கிறது. திட்டத்தைத் தொடங்கும்போதே இதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பாதி கேம் முடிந்தபின் மாற்றினால் ஒளியும் நிழலும் எல்லாம் மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.

படங்கள் நினைவகத்தை விழுங்கும் விதமும் கவனிக்கத் தக்கது. 2048-க்கு 2048 அளவுள்ள ஒரு படம், பிஎன்ஜி கோப்பாக இருக்கும்போது சில நூறு கேபிதான் இருக்கலாம். ஆனால் அதை விரித்து நினைவகத்தில் வைத்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 16 எம்பி பிடிக்கும். ஆர்மும் ஏஎம்டியும் சேர்ந்து உருவாக்கிய ஏஎஸ்டிசி என்ற சுருக்கமுறை, படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக 128 பிட் மட்டும் ஒதுக்குகிறது. 4-க்கு 4 கட்டமென்றால் அதே படம் 4 எம்பி. 8-க்கு 8 என்றால் 1 எம்பி. சிப் அதைச் சுருக்கிய நிலையிலேயே படித்துக்கொள்ளும். இந்த மாற்றத்தைப் பெரிய இன்ஜின்கள் ஒரு பொத்தானில் செய்துதருகின்றன. சிறிய ஃபிரேம்வொர்க்குகளில் பெரும்பாலும் நிரலாளரே தனிக் கருவி வைத்துச் செய்ய வேண்டும். இன்ஜின் என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் உழைப்பு இப்படிப்பட்டதுதான். விளம்பரப் படங்களில் இது தெரியாது.

அடுத்தது மொழி. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் எழுதுபவர்கள் நினைவகத்தைத் தாங்களே விடுவிக்க வேண்டியதில்லை. பயன் தீர்ந்த பொருள்களை அமைப்பே அவ்வப்போது பெருக்கித் தள்ளிவிடும். அலுவலகச் செயலியில் அந்தத் துப்புரவு யாருக்கும் தெரியாது. கேமிலோ அது 16 மில்லிவினாடிக்குள் வந்து உட்கார்ந்தால் ஒரு ஃபிரேம் போய்விடும். தொடக்ககால ஆண்ட்ராய்டில் இந்தத் தடங்கல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீண்டது. ஆட்டம் நடக்கும்போது புதுப் பொருளே உருவாக்காமல் எழுதுவது அன்றைய நிரலாளர்களின் ஒழுக்கமாக இருந்தது. யூனிட்டி 2019-இல்தான் அந்தத் துப்புரவைத் துண்டு துண்டாகப் பல ஃபிரேம்களுக்குப் பிரித்துச் செய்யும் வசதியைத் தந்தது. மைன்கிராஃப்டின் கதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது. கணினியில் ஜாவாவில் பிறந்த அந்த கேமை 2011-இல் ஃபோனுக்குக் கொண்டுவந்தபோது சி பிளஸ் பிளஸ்ஸில் புதிதாக எழுதினார்கள்.

ஐபோனில் இன்னொரு கட்டுப்பாடு. ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய இயந்திரக் கட்டளைகளை உருவாக்கி ஓட்டுவதை ஆப்பிள் அனுமதிப்பதில்லை. எல்லாம் முன்கூட்டியே மொழிமாற்றப்பட்டு வர வேண்டும். சி ஷார்ப்பை நம்பியிருந்த யூனிட்டிக்கு இது தலைவலியாக இருந்தது. 2015 பிப்ரவரி முதல் புதிய ஐபோன் செயலிகள் எல்லாம் 64 பிட்டில் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் அறிவித்தபோது நெருக்கடி முற்றியது. யூனிட்டி கண்ட தீர்வு துணிச்சலானது: நிரலாளர் எழுதிய சி ஷார்ப் நிரல் முழுவதையும் சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றி, அதை ஆப்பிளின் கருவியிடமே கொடுத்துவிடுவது. 'ஐஎல்2சிபிபி' என்ற அந்த மாற்றி 2015 ஜனவரியில் ஐபோனுக்கு வந்தது. 2019 ஆகஸ்டில் கூகுளும் 64 பிட்டைக் கட்டாயமாக்கியபோது, ஆண்ட்ராய்டிலும் யூனிட்டிக்காரர்களைக் காப்பாற்றியது அதுதான். ஆயிரக்கணக்கான சிறு குழுக்கள் தங்கள் நிரலில் அதிகம் கை வைக்காமல் அந்த இரு கெடுக்களையும் கடந்தன. ஒரு நல்ல இன்ஜின் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இது.

இணைய மொழியில் தொடங்கியவர்களும் வென்றிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் வெளிவந்து உலகைப் பிடித்துக்கொண்ட வாம்பயர் சர்வைவர்ஸ், ஃபேசர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டது. திரை முழுக்க நூற்றுக்கணக்கில் பூச்சிகளும் பேய்களும் மொய்க்கும் ஆட்டம். வெற்றி வந்து, கூட்டம் கூடி, ஆயுதங்கள் பெருகியதும் பிரௌசர் தொழில்நுட்பம் தாங்கவில்லை. 2023-இல் கணினிப் பதிப்பை யூனிட்டிக்கு மாற்றினார்கள். இதைத் தோல்வி என்று படிக்க இடமில்லை. ஒரு தனி மனிதர் தனக்குத் தெரிந்த கருவியில் விரைவாகச் செய்து, மக்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தபின் செலவழித்து மாற்றியிருக்கிறார். முதலில் பெரிய இன்ஜினைக் கற்க ஓராண்டு செலவிட்டிருந்தால் அந்த கேம் பிறந்திருக்குமா என்பதே சந்தேகம்.

நியாண்டிக் நிறுவனமும் இப்படி மாறியிருக்கிறது. அதன் முதல் கேமான இங்க்ரெஸ், மரியோ செக்னர் தொடங்கிய லிப்ஜிடிஎக்ஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டது. 2016 ஜூலையில் வந்து தெருவெல்லாம் மக்களை நடக்கவைத்த போக்கிமான் கோ யூனிட்டியில் எழுதப்பட்டது. வரைபடத்தின் மேல் ஒளிப்புள்ளிகள் காட்டுவதற்கு இலேசான நூலகம் போதும். அசையும் முப்பரிமாண உருவங்களை ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஒருசேரக் காட்டுவதற்கு முழு இன்ஜின் வேண்டும்.

முழு இன்ஜின் என்றாலே எல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு என்றும் இல்லை. 2009-இல் வந்த ஆங்கிரி பேர்ட்ஸின் பறவைகள் வளைந்து பறந்து பலகைகளைச் சரித்த அழகுக்குப் பின்னால் இருந்தது பாக்ஸ்2டி என்ற இலவச இயற்பியல் நூலகம்; எழுதியவர் எரின் காட்டோ. அதே பாக்ஸ்2டி-யின் வழித்தோன்றல்களைத்தான் பல இருபரிமாண இன்ஜின்கள் இன்றும் உள்ளே வைத்திருக்கின்றன. இயற்பியலை உட்கார்ந்து தானே எழுதத் துடிக்கும் இளைஞர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். கற்பதற்கு அது அருமையான பயிற்சி. கேமை வெளியிடுவது இலக்கென்றால் காட்டோ எழுதியதை எடுத்துக்கொள்வதே நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை. இன்ஜின் தேர்வில் அளக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அதுதான் அதிகம் பேரைச் சுட்டிருக்கிறது. கேம் எழுதுபவர் நிற்கும் நிலம் இரண்டு பேருக்குச் சொந்தம்: கடையை நடத்தும் ஆப்பிளும் கூகுளும் ஒரு பக்கம், இன்ஜினை நடத்தும் நிறுவனம் இன்னொரு பக்கம்.

2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் நிரலாளர் ஒப்பந்தத்தின் 3.3.1 பிரிவைத் திருத்தியது. ஐபோன் செயலிகள் அப்ஜெக்டிவ் சி, சி, சி பிளஸ் பிளஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில்தான் முதலிலிருந்தே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது திருத்தம். குறி அடோபியின் ஃபிளாஷ். ஆனால் யூனிட்டிக்காரர்களும், லுவா மொழியில் எழுதும் கொரோனா எஸ்டிகே பயன்படுத்தியவர்களும் சேர்ந்து நடுங்கினார்கள். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், ஆப்பிள் பிடியைத் தளர்த்தியது. அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் கொரோனாவில் எழுதிய 'பபிள் பால்', சில வாரங்களில் ஆங்கிரி பேர்ட்ஸையே இலவசப் பட்டியலின் உச்சியிலிருந்து இறக்கியது. தடை நீடித்திருந்தால் அந்த கேமுக்குக் கதவே திறந்திருக்காது.

2020 ஆகஸ்டில் எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் கேமில் ஆப்பிளுக்குப் பங்கு போகாத கட்டண வழியைப் புகுத்தியது. ஆப்பிள் அந்த கேமைக் கடையிலிருந்து நீக்கியது. எபிக்கின் நிரலாளர் கணக்குகளையும் மூடப்போவதாகச் சொன்னது. அப்படி மூடினால் எபிக்கின் அன்ரியல் இன்ஜினை ஐபோனுக்குப் புதுப்பிக்கவே முடியாமல் போகும். சண்டையில் சம்பந்தமே இல்லாத ஆயிரம் குழுக்கள் நடுத்தெருவில் நிற்கும். கலிஃபோர்னியாவின் நீதிபதி இவான் கொன்சாலஸ் ராஜர்ஸ் அந்த ஆபத்தைத்தான் பார்த்தார். ஃபோர்ட்நைட்டை மீண்டும் சேர்க்கச் சொல்ல மறுத்த அவர், அன்ரியல்மேல் கை வைக்கக் கூடாது என்று ஆப்பிளுக்கு இடைக்காலத் தடை விதித்தார்.

2023 செப்டம்பர் 12-ஆம் தேதி வந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. யூனிட்டி, கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. இலவசப் பதிப்பில் எழுதுபவர்களுக்கு, ஓராண்டில் 2 லட்சம் டாலர் வருமானத்தையும் மொத்தம் 2 லட்சம் நிறுவல்களையும் தாண்டியபின், அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு நிறுவலுக்கு 20 சென்ட். விற்கப்படும் கணினி கேமுக்கு இது ஒரு செலவு. இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் மொபைல் கேமுக்கு இது உயிர்ப்பிரச்சினை. நிறுவுபவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. அத்தகைய கேம் அந்த எல்லைகளைத் தாண்டியபின் அமெரிக்காவில் திடீரென்று பிரபலமாகி மேலும் 10 லட்சம் பேர் நிறுவினால் 2 லட்சம் டாலர் கட்டணம் வந்து நிற்கும். ஏற்கெனவே வெளிவந்துவிட்ட கேம்களுக்கும் 2024 ஜனவரி முதல் அது பொருந்தும் என்றதுதான் உச்சம். கையெழுத்திட்ட நாளில் இல்லாத நிபந்தனை பிறகு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்பதை ஒரு தலைமுறை நிரலாளர்கள் அன்று ஒரே நாளில் கற்றார்கள்.

பத்து நாளில் யூனிட்டி விதிகளைத் தளர்த்தியது. அக்டோபரில் தலைமை அதிகாரி ஜான் ரிச்சிட்டியெல்லோ விலகினார். 2024 செப்டம்பர் 12 அன்று, சரியாக ஓராண்டு கழித்து, கேம்களுக்கான அந்தக் கட்டணம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. அதற்குள் நம்பிக்கை இடம்பெயர்ந்துவிட்டது. முதல் பாகத்தை லிப்ஜிடிஎக்ஸில் எழுதிய 'ஸ்லே தி ஸ்பயர்' குழுவினர், இரண்டாம் பாகத்தை யூனிட்டியில் இரண்டாண்டுக்கு மேல் எழுதியிருந்தபோதும் அதை விட்டு கோடோவுக்குப் போனார்கள். டெராரியா கேமை உருவாக்கிய ரீ-லாஜிக், கோடோவுக்கு 1 லட்சம் டாலர் நன்கொடை தந்தது.

கோடோ அர்ஜென்டினாவில் ஹுவான் லினீட்ஸ்கி, ஏரியல் மன்சூர் ஆகிய இருவர் எழுதிய இன்ஜின். 2014-இல் எம்ஐடி உரிமத்தின்கீழ் திறந்துவிடப்பட்டது. அந்த உரிமத்தில் கட்டணமும் இல்லை, வருமானப் பங்கும் இல்லை. கையில் இருக்கும் பதிப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. இதன் மதிப்பை, மேலே சொன்ன கொரோனா எஸ்டிகேயின் பிற்காலக் கதை காட்டுகிறது. அதை நடத்திய நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. மூலநிரல் அதற்குள் திறந்துவிடப்பட்டிருந்ததால் சோலார்2டி என்ற பெயரில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. பழைய கேம்களைப் புதுப்பிக்க வழி இருக்கிறது.

புதுப்பிக்க வழி இருப்பது ஆடம்பரம் அல்ல. ஆண்ட்ராய்டு தொடக்கத்திலிருந்தே நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஆண்டு வந்தது. புதிய ஃபோன்கள் 16 கேபி பக்கங்களுக்கு மாறுகின்றன; செயலிகள் அதில் வேகமாகத் திறக்கின்றன. ஆனால் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய நூலகங்கள் எல்லாவற்றையும் அந்த அளவுக்கேற்பத் திரும்பத் தொகுக்க வேண்டும். 2025 நவம்பர் முதல் ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்கும் புதிய செயலிகளுக்கும் மேம்படுத்தல்களுக்கும் கூகுள் பிளே இதைக் கட்டாயமாக்கியது. இன்ஜினை ஒருவர் பராமரித்துக்கொண்டிருந்தால் நிரலாளர் புதிய பதிப்புக்கு மாறி, மறுபடி ஏற்றுமதி செய்தால் வேலை முடிந்தது. பராமரிப்பு நின்றுபோன இன்ஜினில் எழுதியவருக்கு கேமை மேம்படுத்தும் வழியே அடைபட்டுவிடும். ஆகவே ஓர் இன்ஜினைப் பார்க்கும்போது அதன் அழகிய மாதிரிப் படங்களைவிட, கடைசிப் பதிப்பு எந்த மாதம் வந்தது என்பதே முக்கியமான தகவல்.

தமிழில் கேம் செய்ய விரும்புபவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோதனை காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் அதைத் தொடுவதே இல்லை. யூனிகோடில் 'கெ' என்று எழுதினால் கணினி முதலில் ககரத்தையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். 'கொ' இன்னும் சிக்கல். சேமிப்பில் ஒரே குறியாக இருக்கும் உயிர்க்குறி, திரையில் இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனிப் பகுதி வேண்டும். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம் அதைச் செய்கிறது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. கேம் இன்ஜின்களோ வேகத்துக்காக எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படமாக்கி வரிசையில் அடுக்கும் வழியில் வளர்ந்தவை. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழ் உடைந்துபோகும்.

யூனிட்டியில் பல்லாண்டுகளாக எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த இடமாற்றத்தைச் செய்வதில்லை. கொம்பும் ககரமும் இடம் மாறிக் கிடக்கும். தமிழ் நிரலாளர்கள் இதைச் சமாளிக்க, பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படுவதால் படம் சரியாக வரும். ஆனால் தேடுவது, சொல் சரிபார்ப்பது, ஆடுபவர் தட்டச்சு செய்ததோடு ஒப்பிடுவது எல்லாம் இருமடங்கு வேலையாகும். சொல் விளையாட்டு செய்பவருக்கு இது தாங்க முடியாத சுமை. யூனிட்டி 6-இன் யுஐ டூல்கிட்டில் ஹார்ஃப்பஸ்ஸை வைத்து எழுதிய புதிய எழுத்துமுறை வந்திருக்கிறது. பழைய பாடங்களைப் பார்த்துக் கற்பவர்கள் அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும். அன்ரியல் ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகிறது. கோடோ 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் அதை அடித்தளத்திலேயே சேர்த்தது. மூன்றாம் பதிப்பில் கிடையாது. ஃபேசர், எழுத்தை பிரௌசரிடம் கொடுத்து எழுதிவாங்குவதால் அங்கே தமிழ் சரியாக வரும். கூகுளின் ஃபிளட்டரும் அதன்மேல் கட்டிய ஃபிளேம் கேம் ஃபிரேம்வொர்க்கும் தமிழைப் பிழையின்றிக் காட்டுகின்றன.

இனித் தீர்ப்பைச் சொல்லலாம். தமிழ்ச் சொல் விளையாட்டு, குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சி, வினாடி வினா போன்றவற்றுக்கு ஃபிளட்டரும் ஃபிளேமும் போதும். கேமுக்கும் சாதாரணச் செயலிக்கும் இடைப்பட்ட அவ்வகைகளுக்கு முழு இன்ஜின் வீண் கனம். ஓடித் தாவும் இருபரிமாண ஆட்டத்தை முதன்முதலாகச் செய்பவருக்கும், காசில்லாமல் தொடங்கும் மாணவருக்கும் கோடோ நான்காம் பதிப்பு இன்றைய நிலையில் முதல் தேர்வாக இருக்கத் தகுதி பெற்றது. அதில் அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டிலேயே எழுதுவது நல்லது; ஃபோனுக்கான சி ஷார்ப் ஆதரவு இன்னும் முதிரவில்லை. கோப்பு மிகச் சிறியதாக இருக்க வேண்டுமென்றால், கிங் நிறுவனம் வாங்கி வளர்த்து 2020-இல் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த டிஃபோல்டைப் பார்க்க வேண்டும். கோப்பின் அளவு சிறிய விஷயம் இல்லை: கோப்பு 6 எம்பி கூடும்போதெல்லாம் நிறுவுபவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறார்கள் என்று கூகுள் பிளே குழுவே 2017-இல் சொன்னது. முப்பரிமாணம், விளம்பரம், கடைக்குள் விற்பனை, இரு தளங்களிலும் ஒரே நாளில் வெளியீடு, கேம் நிறுவனத்தில் வேலை என்று பார்த்தால், 2023-க்குப் பிறகும் யூனிட்டிதான் நடைமுறையில் முன்னால் நிற்கிறது. மொபைலுக்கான பாடங்களும் துணைக் கருவிகளும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. அன்ரியல், விலை கூடிய ஃபோன்களுக்குப் பெரிய முப்பரிமாண உலகம் கட்டும் குழுவுக்கு. ஒரு கேமின் மொத்த வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டும்வரை அது பங்கு கேட்பதில்லை. தாண்டியபின் 5 சதவீதம்.

இந்தத் தீர்ப்பையும் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. மனத்தில் இருக்கும் கேமின் மிகக் கடினமான ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது எதிரிகள் ஒருசேர வரும் இடமாகவோ, எழுத்துகள் சிதறி விழும் இடமாகவோ அது இருக்கலாம். வண்ணப் பெட்டிகளை வைத்து அதை மட்டும் இரண்டு இன்ஜின்களில் முரட்டுத்தனமாகச் செய்து பாருங்கள். உங்கள் ஃபோனில் ஓட்டாமல், உங்கள் கேமை ஆடப்போகிறவர்களிடம் இருப்பதிலேயே மலிவான ஃபோனை இரவல் வாங்கி ஓட்டுங்கள். முதுகு சூடாகும்வரை இருபது நிமிடம் விடாமல் ஓட்டி, ஃபிரேம் எத்தனை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' என்று மூன்று சொற்களைத் திரையில் போட்டுப் பாருங்கள். கோப்பு எத்தனை எம்பி வந்தது என்று பாருங்கள். உரிம ஒப்பந்தத்தில் கட்டணத்தை மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். பிறகு தேர்ந்தெடுங்கள், தேர்ந்தபின் கேம் வெளியாகும்வரை இன்ஜினை மாற்றாதீர்கள்.